தேய்ந்த எல்.எஸ்.டி. டிஃபரன்ஷியலை வீட்டு போர்டிகோவிலேயே பிரித்துக் கட்டுவது எப்படி

இரு பக்கச் சக்கரங்களுக்கும் என்ஜின் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலைப் பிரிக்கப் போகிறேன் என்றால் நல்ல மெக்கானிக்குகள்கூட யோசிப்பார்கள். கிரவுன்-பினியன் செட்டிங், அதாவது ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் சுற்றை ஆக்சிலுக்குத் திருப்பும் பெரிய கியரும் சின்ன கியரும் பொருந்தி நிற்கும் அளவு, ஒருமுறை கெட்டால் வண்டி ஆயுசுக்கும் ஊளையிடும் என்பது அவர்கள் பயம். நியாயமான பயம்தான். ஆனால் லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியலில், அதாவது எல்.எஸ்.டி.யில், முதலில் தேய்வது உள்ளே இருக்கும் கிளட்ச் பிளேட்டுகள். அவற்றை மாற்றப் பினியனைத் தொடவே வேண்டாம். டிஃபரன்ஷியல் கேஸின், அதாவது கூட்டின், இரண்டு பக்க பேரிங்கையும் பிடுங்க வேண்டாம். எதை எதை அசைக்காமல் விடலாம் என்று முதலிலேயே முடிவு செய்துகொண்டால், அளவெடுக்கத் தெரிந்த யாரும் இதை வீட்டில் செய்யலாம்.

நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் டூல் ரூம் வேலை பார்க்கிறவன். வீடு கொரட்டூரில். என்னிடம் இருப்பது பழைய மஹிந்திரா ஜீப். பின் ஆக்சில் டானா 44 வகை. எனக்கு முன்னால் வைத்திருந்தவர் அதில் ட்ராக்-லாக் எனப்படும் கிளட்ச் பிளேட் எல்.எஸ்.டி. போட்டிருந்தார். செய்யூர் பக்கம் மச்சானுடைய சவுக்குத் தோப்புக்கு அடிக்கடி போவேன். அங்கே முழுக்க மணல். எல்.எஸ்.டி. வேலை செய்கிறதா இல்லையா என்று அந்த மணல் உடனே சொல்லிவிடும். கீழே சொல்வதெல்லாம் இந்த ட்ராக்-லாக் வகைக்குப் பொருந்தும். வேறு வகை கிளட்ச் எல்.எஸ்.டி.க்கும் போக்கு இதேதான், எண்கள் மட்டும் மாறும். அதற்கு உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவலைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

உள்ளே என்ன நடக்கிறது

சாதாரண டிஃபரன்ஷியல் இரண்டு சக்கரத்துக்கும் எப்போதும் ஒரே அளவு டார்க்கை, அதாவது சுழற்று விசையைத்தான் கொடுக்கும். மணலில் நிற்கும் சக்கரம் 60 நியூட்டன் மீட்டருக்கு மேல் தாங்காமல் சுழல ஆரம்பித்தால், கெட்டித் தரையில் நிற்கும் சக்கரத்துக்கும் அதே 60தான் கிடைக்கும். மொத்தம் 120. வண்டி நகராது. எல்.எஸ்.டி.யில் சன் கியர் (ஆக்சில் ஷாஃப்ட்டின் பல் முனை நுழையும் கியர், பக்கத்துக்கு ஒன்று) ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு பிளேட் அடுக்கு இருக்கும். உள்பக்கம் பல் வெட்டிய டிஸ்க்குகள் சன் கியரோடு சுற்றும். வெளிப்பக்கம் காது வைத்த பிளேட்டுகள் கேஸோடு சுற்றும். குழிந்த ஸ்பிரிங் பிளேட் இந்த அடுக்கை எப்போதும் அழுத்திக்கொண்டே இருக்கும். என்ஜின் டார்க் ஏற ஏற, சன் கியர்களுக்கு நடுவே குறுக்கு ஷாஃப்ட்டில் சுற்றும் ஸ்டார் பினியன்கள் அவற்றை வெளியே தள்ளுவதால் அழுத்தம் இன்னும் கூடும். இந்த உராய்வு இரண்டு சக்கரங்களுக்கும் நடுவே 100 நியூட்டன் மீட்டர் வித்தியாசத்தைத் தாங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மணலில் 60 என்றால் மறுபக்கம் 160 வரை போகும். மொத்தம் 220. வண்டி ஏறிவிடும்.

பிளேட் தேய்ந்து, ஸ்பிரிங் தட்டையாகிப் போனால் அந்த 100 கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து, கடைசியில் கையில் இருப்பது சாதாரண டிஃபரன்ஷியல்.

தேய்வதற்குக் காரணமும் இங்கேயே இருக்கிறது. பின்பக்கம் ஒரு டயர் புதிது, ஒன்று மொட்டை என்று ஓட்டுகிறவர்கள் நம் ஊரில் நிறைய. சுற்றளவு வேறு என்பதால் நேரான சாலையில்கூட பிளேட்டுகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கிக்கொண்டே இருக்கும். செங்கல்பட்டு போய்த் திரும்புவதற்குள் பிளேட்டுகள் எவ்வளவு உரசியிருக்கும் என்று யோசியுங்கள். எல்.எஸ்.டி. இருக்கும் ஆக்சிலில் இரண்டு டயரும் ஒரே கம்பெனி, ஒரே அளவு, ஒரே தேய்மானம். இதில் சமரசம் கிடையாது.

இன்னொரு காரணம் தண்ணீர். 2015 டிசம்பர், 2023 டிசம்பர் வெள்ளங்களில் சக்கரம் மூழ்கும் அளவுக்குத் தண்ணீரில் போன வண்டிகள் எத்தனை! ஓடிச் சூடான ஆக்சில் திடீரென்று குளிர்ந்த தண்ணீரில் இறங்கும்போது உள்ளே இருக்கும் காற்று சுருங்கி வெற்றிடம் உண்டாகும். பிரீதர் எனப்படும் காற்றுத் துளை வழியாகவோ சீல் ஓரமாகவோ தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். பிறகு ஆயில் பால் விட்ட டீ மாதிரி ஆகிவிடும். அந்த ஆயிலில் ஓடினால் பிளேட்டும் போகும், பேரிங்கும் போகும்.

பிரிப்பதற்கு முன் சோதனை

மெதுவாகத் திருப்பும்போது பின்னாலிருந்து கடகடவென்று அதிர்வு வந்தால் உடனே ஸ்பேனரைத் தூக்காதீர்கள். நிற்கும் உராய்வு வழுக்கும் உராய்வைவிட அதிகமாக இருந்தால் பிளேட்டுகள் பிடித்துப் பிடித்து விடும், அதுதான் அந்தச் சத்தம். தவறான ஆயில் ஊற்றியிருந்தாலோ, ஃப்ரிக்‌ஷன் மாடிஃபயர் (உராய்வைச் சீராக்க ஆயிலில் கலப்பது) போடாமல் விட்டிருந்தாலோ இது வரும். ஆயிலை மாற்றி, மாடிஃபயர் சேர்த்து, கொஞ்சம் ஓட்டிப் பாருங்கள். பல வண்டிகள் அதிலேயே சரியாகிவிடும்.

சத்தம் எதுவும் இல்லாமல் ஒற்றைச் சக்கரம் மட்டும் மணலில் சுழல்கிறது என்றால் அது தேய்மானம். அதை எண்ணில் பார்க்க ஒரு வழி உண்டு. முன் சக்கரங்கள் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். என்ஜின் ஆஃப், கியர் நியூட்ரல், ஹேண்ட் பிரேக் விடுவித்த நிலை. ஒரு பின் சக்கரத்தை மட்டும் தரையிலிருந்து தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தைக் கழற்றுங்கள். தடித்த இரும்புப் பட்டியில் இரண்டு ஸ்டட்டுக்கு ஓட்டை போட்டு, நடுவில் ஹப்பின் மையத்துக்கு நேராக ஒரு நட்டை வெல்டு செய்து மாட்டினால், அதில் டார்க் ரெஞ்சை வைத்து ஹப்பைச் சுற்றலாம். ஹப் நட்டு இடிக்காதபடி பட்டிக்கு ஸ்பேசர் கொடுங்கள். சுற்றிக்கொண்டிருக்கும்போது காட்டும் எண் 41 நியூட்டன் மீட்டருக்கு, அதாவது 30 பவுண்டு-அடிக்குக் கீழே இருந்தால் பிளேட் போய்விட்டது. 271க்கு மேல், அதாவது 200 பவுண்டு-அடிக்கு மேல் போனாலும் உள்ளே கோளாறு. இரண்டுக்கும் பிரிக்கத்தான் வேண்டும்.

இங்கே இரண்டு எச்சரிக்கை. எல்.எஸ்.டி. வண்டியில் ஒரு சக்கரத்தைத் தூக்கிவைத்துவிட்டு என்ஜினை ஓட்டி கியர் போடவே கூடாது. தரையில் இருக்கும் சக்கரம் வண்டியை ஜாக்கியிலிருந்து தள்ளிக்கொண்டு போய்விடும். அடுத்தது, சில பழைய ஜீப்களில் ஹேண்ட் பிரேக் பின் சக்கரத்தில் இருக்காது, ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டைத்தான் பிடிக்கும். ஒரு பின் சக்கரம் காற்றில் இருந்தால் அந்த பிரேக்கை நம்ப முடியாது. கட்டைதான் காவல்.

சேகரிக்க வேண்டியவை

பிளேட் கிட் வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டியிருக்கும், சுங்க வரியும் சேரும். ஆர்டர் போடுவதற்கு முன் சன் கியரின் பல் எண்ணிக்கை, பிளேட்டின் காது வடிவம் இரண்டையும் உறுதி செய்துகொள்ளுங்கள். டானா 44 என்ற பெயரிலேயே வேறு வேறு பல் எண்ணிக்கை ஆக்சில்கள் உண்டு.

பழைய ஆக்சில் ஷாஃப்ட் துண்டு ஒன்று வேண்டும். அதை வைஸில் நெட்டாகப் பிடித்து, பல் பக்கம் மேலே இருக்க, டிஃபரன்ஷியல் கேஸை அதன்மேல் உட்கார வைத்துத்தான் வேலை செய்யப் போகிறோம். இதற்குப் புதுப்பேட்டையை விட்டால் வேறு இடம் இல்லை. "பாய், ஜீப் பின் ஆக்சில் உடைஞ்ச துண்டு இருக்குமா?" என்று கேட்டால், "எத்தனை பல்லு, அதைச் சொல்லு சார் முதல்ல" என்றுதான் பதில் வரும். ஆகவே எண்ணிக்கொண்டு போங்கள். பேரிங், சீல் எல்லாம் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் கிடைக்கும். ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய இலைகள்), மேக்னெட் ஸ்டாண்டோடு டயல் கேஜ் ஆகியவற்றுக்கு பாரிமுனை செம்புதாஸ் தெரு. டயல் கேஜ் இல்லாமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம். வாங்க மனமில்லை என்றால் தெரிந்த பட்டறையில் இரவல் கேளுங்கள்.

கடையில் கிடைக்காதது ஒன்று உண்டு, அதை லேத்தில் கடைந்துகொள்ள வேண்டும். சன் கியர்கள் இரண்டையும் வெளிப்புறமாகத் தள்ளி ஸ்பிரிங்கை அமுக்கும் திருகு. இரண்டு வட்டத் தட்டுகள், ஒவ்வொன்றும் சன் கியரின் ஓட்டையில் படி வைத்து உட்கார வேண்டும். ஒன்றின் நடுவில் மறை வெட்டி, அதன் வழியாக ஒரு தடித்த ஹை டென்சைல் போல்ட் போய், மற்றதன் நடுவில் குழித்த பள்ளத்தில் முட்ட வேண்டும். போல்ட்டை முறுக்கினால் தட்டுகள் விலகும், சன் கியர்கள் பிளேட் அடுக்கை அழுத்திக்கொண்டு பின்வாங்கும். லேத் மாஸ்டரிடம் சன் கியரின் உள் விட்டத்தைக் கொடுத்தால் போதும். அரை நாள் வேலைகூட இல்லை. மைல்டு ஸ்டீல் போல்ட்டில் மட்டும் செய்யச் சொல்லாதீர்கள், மறை சிதைந்து நடுவில் மாட்டிக்கொள்ளும்.

துணி விஷயத்திலும் கவனம் வேண்டும். பட்டறையில் எல்லாரும் பயன்படுத்தும் பனியன் வேஸ்ட் வெளி அழுக்குக்குச் சரி. அதன் நூல் பேரிங்குக்குள் போகும் என்பதால் உள்வேலைக்கு, பலமுறை துவைத்த பழைய பருத்தி வேட்டித் துணிதான்.

வெளியே எடுப்பது

வண்டியைச் சமதரையில் இரண்டு ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஜாக்கியை நம்பி அடியில் போகாதீர்கள். பின் மூடியின் போல்ட்டுகளைத் தளர்த்தி, கீழ்ப்பக்கம் லேசாக நெம்பினால் ஆயில் வடியும். அடியில் அகலமான தட்டு வையுங்கள். வடிந்த ஆயிலை விரலில் தேய்த்துப் பாருங்கள். மெல்லிய சாம்பல் நிறப் பசை இருந்தால் பரவாயில்லை, அது பிளேட்டின் தேய்மானம். நகத்தில் சிக்கும் சில்லு இருந்தால் பல்லோ பேரிங்கோ உடைந்திருக்கிறது. அப்போது இது பிளேட் வேலை மட்டும் இல்லை.

ஆக்சில் ஷாஃப்ட்டுகளை வெளியே இழுக்க வேண்டும். இது வண்டிக்கு வண்டி மாறும். டேப்பர் ஹப் இருக்கும் பழைய ஆக்சிலில் நல்ல புல்லர் வேண்டும். ஷாஃப்ட் முனையில் சுத்தியலால் ஓங்கி அடித்தால் அந்த அதிர்ச்சி பேரிங்குக்கும் உள்ளே இரண்டு ஷாஃப்ட் முனைகளுக்கும் நடுவே இருக்கும் த்ரஸ்ட் பிளாக்குக்கும் போய்ச் சேரும். ஷாஃப்ட்டின் நீளவாட்டு ஆட்டத்தைச் சரிசெய்யும் எண்ட் பிளே சிம்கள் (மெல்லிய தகட்டு வளையங்கள்) எந்தப் பக்கத்தில் இருந்தனவோ அந்தப் பக்கத்துக்கே திரும்பிப் போக வேண்டும். தனித்தனிக் கவரில் போட்டு இடது, வலது என்று எழுதுங்கள்.

இப்போது, கேஸில் எதையும் கழற்றுவதற்கு முன், பேக்லாஷ், அதாவது கிரவுன் பல்லுக்கும் பினியன் பல்லுக்கும் இடையே உள்ள ஆட்டம், எவ்வளவு என்று அளவெடுங்கள். டயல் கேஜின் முனையை கிரவுன் வீல் பல்லுக்குச் செங்குத்தாக வைத்து, பினியனை அசையாமல் பிடித்து, கிரவுனை முன்னும் பின்னும் ஆட்ட வேண்டும். சுற்றி நான்கு இடத்தில் எடுங்கள். இந்த ஆக்சிலுக்கு 0.13 முதல் 0.20 மி.மீ. வரை நல்லது. நான்கு இடத்துக்கும் 0.05 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. கிடைத்த எண்களை ஹவுசிங் மேலேயே பெயின்ட் மார்க்கரால் எழுதிவிடுங்கள். மறுபடி பூட்டும்போது நீங்கள் எட்ட வேண்டிய எண் அதுதான். நீண்ட நாள் சேர்ந்து ஓடிய கிரவுனும் பினியனும் தங்களுக்குள் ஒரு பழக்கத்துக்கு வந்திருக்கும். பேக்லாஷ் கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும், சத்தம் இல்லாமல் ஓடிய செட்டை நான் மாற்றி அமைக்க மாட்டேன்.

பக்க பேரிங்குகளைப் பிடித்திருக்கும் கேப்புகளில் எழுத்து பொறித்திருக்கும், ஹவுசிங்கிலும் அதற்கு இணையான எழுத்து இருக்கும். இல்லாவிட்டால் பஞ்ச் வைத்து நீங்களே குறியிடுங்கள். ஒரு பக்கம் ஒரு புள்ளி, மறுபக்கம் இரண்டு. கேப் இடம் மாறினாலோ தலைகீழானாலோ பேரிங் இருக்கை கெடும்.

கேப்புகளை எடுத்த பின்னும் கேஸ் தானாக வராது. பேரிங்குக்கு பிரீலோட், அதாவது முன் அழுத்தம், கொடுப்பதற்காக இறுக்கமாக உட்கார வைத்திருப்பார்கள். ஹவுசிங்கை விரிக்கும் ஸ்பிரெடர் இருந்தால் நல்லது, ஆனால் 0.38 மி.மீ.க்கு மேல் விரிக்கக் கூடாது. விரித்தால் திரும்பாது. வீட்டில் இரண்டு லீவரை இரு பக்கமும் கொடுத்து, ஹவுசிங் விளிம்பில் மரக்கட்டை வைத்து, ஒரே நேரத்தில் சமமாக நெம்ப வேண்டும். கட்டாயம் இன்னொரு ஆள் வேண்டும். எனக்கு அக்கா பையன் வந்து நின்றான். "மாமா, வருது, வருது!" என்று அவன் சத்தம் போட்டதும் நெம்புவதை நிறுத்தி, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். கடைசி நொடியில் முழு எடையும் சட்டென்று கைக்கு வரும். அடியில் பழைய டயர் ஒன்றைப் போட்டுவையுங்கள். வெளியே வந்ததும் இரண்டு பேரிங் கப்பையும் (வெளி வளையம்) அந்தந்தப் பக்கத்திலேயே கயிற்றால் கட்டிவிடுங்கள்.

டானா 44இல் பக்க பேரிங்குக்கான சிம்கள் பேரிங்குக்கும் கேஸுக்கும் நடுவே, உள்ளே இருக்கும். பேரிங்கைப் பிடுங்காத வரை அவை அசையாது, ஆகவே பேக்லாஷும் மாறாது. பேரிங் ரோலரிலும் கப்பிலும் புள்ளிப் புள்ளியாகக் குழியோ துருக் கோடோ இல்லை என்றால் அப்படியே விடுங்கள். கிரவுன் வீல் போல்ட்டுகளையும் தொட வேண்டாம். கேஸ் நன்றாக இருந்தால் கிரவுன் வீலைக் கழற்றத் தேவையே இல்லை.

கேஸைத் திறப்பது

வைஸில் ஷாஃப்ட் துண்டு, அதன் மேல் கேஸ். பல் முனை வைஸுக்கு மேலே சுமார் 7 செ.மீ.க்கு மேல் நீட்டிக்கொண்டிருக்க வேண்டாம். அதிகம் நீட்டினால் உள்ளே வைக்கும் திருகில் போய் இடிக்கும். குறுக்கு ஷாஃப்ட்டைப் பிடித்திருக்கும் பின்னைத் தட்டி எடுத்து, ஷாஃப்ட்டை வெளியே தள்ளுங்கள். ஸ்டார் பினியன்கள் அப்போதும் விழாது. ஸ்பிரிங் அழுத்தம் எல்லாவற்றையும் இறுக்கி வைத்திருக்கும்.

லேத்தில் செய்த தட்டுகளுக்கு கிரீஸ் தடவி, மேலும் கீழும் சன் கியரில் உட்கார வைத்து, போல்ட்டை முறுக்குங்கள். 122 நியூட்டன் மீட்டர், அதாவது 90 பவுண்டு-அடிதான் எல்லை. அதைத் தாண்ட வேண்டாம். முறுக்க முறுக்க ஸ்டார் பினியன் லேசாக ஆடத் தொடங்கும். அதன் முதுகில் கிண்ண வடிவ வாஷர் ஒன்று ஒட்டியிருக்கும். 0.75 மி.மீ. தடிமன் ஃபீலர் இலையை வாஷருக்குப் பின்னால் நுழைத்து நகர்த்தினால் அது வழுக்கி வெளியே வரும். இரண்டு பக்கமும் எடுங்கள்.

அடுத்ததுதான் பொறுமை கேட்கும் இடம். போல்ட்டைக் கொஞ்சம் தளர்த்த வேண்டும், முழுக்க இல்லை. பினியன் பல் சன் கியரில் உருள்வதற்கு இடம் கிடைக்கும் அளவுக்கு மட்டும். குறுக்கு ஷாஃப்ட் ஓட்டையில் ஒரு கம்பியை நுழைத்து கேஸை மெல்லச் சுற்றினால், அடியில் சன் கியர் ஷாஃப்ட் துண்டில் நிலையாக நிற்பதால், ஸ்டார் பினியன்கள் அதன்மேல் உருண்டு கேஸின் பக்கவாட்டு ஜன்னல் திறப்புக்கு வரும். சிக்கினால் கம்பியைப் பலமாக இழுக்காதீர்கள். போல்ட்டைக் கால் சுற்று இறுக்குங்கள் அல்லது தளர்த்துங்கள். சரியான அழுத்தத்தில் பினியன் ஒரு விரல் தள்ளலுக்கே உருளும், கையில் அது தெரியும். கம்பி உள்ளே இருக்கும்போது ஜன்னலுக்குள் விரல் வைக்கவே கூடாது. பினியன்கள் வந்த பிறகு போல்ட்டைத் தளர்த்தி, மேல் சன் கியரையும் அதன் அடுக்கையும் கையால் தாங்கிக்கொண்டே தட்டுகளை எடுங்கள். பிறகு கேஸைக் கவிழ்த்து அடுத்ததை எடுங்கள். வந்த வரிசையிலேயே செய்தித்தாளில் பரப்பி ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள். குழிந்த ஸ்பிரிங் பிளேட் எந்தத் திசையில் இருந்தது என்பது போட்டோவில் தெரிய வேண்டும்.

எதைப் பார்க்க வேண்டும்

மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்த பிறகு பிளேட்டுகளை வெயிலில் சாய்த்துப் பாருங்கள். நீலம் பாய்ந்த திட்டுகள் இருந்தால் அது சூடேறி வழுக்கிய பிளேட். டிஸ்க்கின் மேல் வெட்டியிருக்கும் மெல்லிய கோடுகள் அழிந்து வழவழப்பாகியிருந்தால் ஆயில் நிற்க இடம் இல்லை. காது விரிசல் விட்டிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஸ்பிரிங் பிளேட்டைக் கண்ணாடி மேல் வைத்து, புதியதன் உயரத்தோடு ஒப்பிட்டால் எவ்வளவு தட்டையாகிவிட்டது என்று புரியும்.

பிளேட் எப்படியும் மாறப் போகிறது. உண்மையில் கவனிக்க வேண்டியது கேஸும் சன் கியரும்தான். காதுகள் உட்காரும் கேஸ் பள்ளத்தில் படிக்கட்டாகத் தேய்ந்திருந்தால் புதுப் பிளேட் அந்தப் படியில் மாட்டிக்கொண்டு அடுக்கு முழுவதையும் அழுத்த விடாது. விரல் நகத்தை அந்தப் பள்ளத்தில் ஓட்டிப் பாருங்கள். நகம் தடுக்கி நின்றால் அந்தக் கேஸுக்குச் செலவு செய்யாதீர்கள். குறுக்கு ஷாஃப்ட்டில் பினியன் சுற்றும் இடம், சன் கியரின் முதுகு இவற்றிலும் கீறல் ஆழமாக இருக்கக் கூடாது.

பழைய பிளேட்டையே வைத்து, பின்னால் ஒரு தடித்த சிம் போட்டு இறுக்கிக் கொடுக்கும் பழக்கம் உண்டு. கொஞ்ச நாள் பிடிக்கும். ஆனால் ஸ்பிரிங் அதிகமாக அமுங்கி, திருப்பத்தில் கடகடக்கும், வழவழத்துப்போன பிளேட் இன்னும் சூடேறும். இதை நான் பரிந்துரைக்கவே மாட்டேன். இரண்டு பக்கமும் புது அடுக்கு, இரண்டும் ஒரே தடிமன். மைக்ரோமீட்டரில் இரண்டு அடுக்கையும் அளந்து பார்த்துவிட்டே பூட்டுங்கள்.

பூட்டுவது

புதுப் பிளேட்டுகளை கியர் ஆயிலும் மாடிஃபயரும் கலந்த தட்டில் குறைந்தது அரை மணி நேரம் ஊற வையுங்கள். உலர்ந்த பிளேட்டைப் பூட்டினால் முதல் திருப்பத்திலேயே கீறல் விழும்.

கிட்டில் வரும் வரிசைப் படத்தின்படி அடுக்கி, காதுகளில் கிளிப் மாட்டி, சன் கியரின் மேல் ஏற்றுங்கள். கிரவுன் வீல் பக்க அடுக்கு முதலில் போகும். கிளிப்புகள் கேஸ் பள்ளத்தில் முழுதாக உட்கார்ந்தனவா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். ஒரு கிளிப் விளிம்பில் ஏறி நின்றாலும் கணக்கு தப்பும். கீழ்த் தட்டு, மேல் சன் கியர் அடுக்கு, மேல் தட்டு, போல்ட். லேசாக இறுக்கி, இரண்டு ஸ்டார் பினியனையும் ஜன்னல் வழியாக எதிர் எதிராக வையுங்கள். இரண்டின் ஓட்டையும் நேர்கோட்டில் இருக்கிறதா என்று இப்போதே குறுக்கு ஷாஃப்ட்டை வைத்துப் பாருங்கள். ஒரு பல் தள்ளி இருந்தால் உள்ளே போன பிறகு ஷாஃப்ட் நுழையாது. பிறகு கம்பியால் கேஸைச் சுற்றி பினியன்களை இடத்துக்குக் கொண்டுபோய், மறுபடி 122க்கு மேல் போகாமல் அமுக்கி, ஆயில் தடவிய கிண்ண வாஷர்களை நுழையுங்கள். வாஷர் ஓட்டையை மெல்லிய திருப்புளியால் நேராக்கலாம். குறுக்கு ஷாஃப்ட்டைக் கொஞ்சம் நுழைத்து, தட்டுகளை எடுத்துவிட்டு, முழுவதும் தள்ளிப் பின்னை அடியுங்கள். த்ரஸ்ட் பிளாக் இருக்கும் ஆக்சில் என்றால் ஷாஃப்ட்டை முழுவதும் தள்ளுவதற்கு முன் அதை நடுவில் வைக்க மறக்காதீர்கள்.

சென்னை வெயிலில் வியர்வை சொட்டும். அந்தச் சொட்டு பேரிங்கில் விழுந்து ஓர் இரவு கிடந்தால் காலையில் துருக் கறை இருக்கும். வெயில் ஏறுவதற்குள் வேலை செய்யுங்கள். இடையில் நிறுத்தினால் ஆயில் தடவி பாலிதீனில் சுற்றிவிடுங்கள். கடற்கரைப் பக்கம் இருப்பவர்களுக்கு இது இன்னும் அவசியம்.

கேஸை ஹவுசிங்கில் ஏற்றும்போது இரண்டு கப்பும் சாயாமல், பித்தளைக் கம்பி வைத்து மாற்றி மாற்றித் தட்டி இறக்குங்கள். கேப்புகள் அதே பக்கம், அதே திசை. இந்த ஆக்சிலுக்கு கேப் போல்ட் சுமார் 108 நியூட்டன் மீட்டர். பேக்லாஷை அதே நான்கு இடத்தில் அளந்து, ஹவுசிங்கில் எழுதிய எண்ணோடு ஒப்பிடுங்கள். நான் எடுத்ததில் முன்பிருந்த அளவே திரும்பி வந்தது. வித்தியாசம் தெரிந்தால் கப் சரியாக உட்காரவில்லை அல்லது இடையில் தூசி இருக்கிறது. இறுக்கிச் சரிசெய்யப் பார்க்காமல் மறுபடி இறக்கித் துடையுங்கள். மார்க்கிங் புளூ என்ற நீலச் சாயம் தடவி, பல்லும் பல்லும் படும் தடத்தையும் ஒருமுறை பார்த்துவிடலாம்.

மூடியின் இரண்டு முகத்தையும் சுரண்டி, எண்ணெய்ப் பசை போகத் துடைத்து, அனபாண்ட் என்ற கசிவு அடைக்கும் பசையைப் போல்ட் ஓட்டைகளுக்கு உள்பக்கமாக அறுபடாத கோடாக இட்டு மூடுங்கள். காய்வதற்கு ஓர் இரவு விட்டு, பிறகு ஆயில்.

ஆயிலும் முதல் ஓட்டமும்

ஜி.எல்-5 கியர் ஆயில், உங்கள் மேனுவல் சொல்லும் கிரேடு. டப்பாவில் எல்.எஸ்.டி.க்கு உரியது என்று போட்டிருந்தால் மாடிஃபயர் ஏற்கெனவே கலந்திருக்கும். இல்லையென்றால் இந்த ஆக்சிலுக்கு 118 மி.லி. சேர்க்க வேண்டும். இன்னும் கொஞ்சம் ஊற்றினால் நல்லதுதானே என்று ஊற்றாதீர்கள். உராய்வு குறைந்து, நாம் செலவழித்து வாங்கிய பிடிமானம் போய்விடும்.

முதல் ஓட்டத்துக்கு ஆள் நடமாட்டம் இல்லாத அகலமான இடம் வேண்டும். படப்பை பக்கம் விற்காமல் கிடக்கும் லே-அவுட் சாலைகள் இதற்கு நன்றாக இருக்கும். நடை வேகத்தில் எட்டு போடுங்கள், இரண்டு பக்கமும் சமமாக, ஒரு பத்துப் பதினைந்து முறை. புதுப் பிளேட்டின் இடுக்குகளுக்குள் ஆயில் போய்ச் சேர்வதற்காக இது. முதலில் லேசாக கடகடப்பு இருக்கலாம், எட்டு போடப் போட அடங்கும். வீட்டுக்கு வந்து ஹவுசிங்கைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு சரி. கை வைக்க முடியாத கொதிப்பு என்றால் பேரிங்கைச் சந்தேகப்பட வேண்டும். சில நூறு கிலோமீட்டருக்குப் பிறகு அந்த ஆயிலை வடித்துவிட்டுப் புதிதாக ஊற்றுங்கள், டார்க் ரெஞ்ச் சோதனையையும் ஒருமுறை செய்து எண்ணைக் குறித்துவையுங்கள். வடித்த ஆயில் மழைநீர் வடிகாலில் போகக் கூடாது. கேனில் பிடித்து, பழைய ஆயில் எடுக்கும் ஆட்களிடம் கொடுத்துவிடுங்கள்.

வண்டி ஸ்டாண்டில் இருக்கும்போதே பிரீதரையும் கவனியுங்கள். ஆக்சில் மேல் இருக்கும் சின்ன மூடிக்குப் பதிலாக ஒரு நிப்பிள் போட்டு, ஆயில் தாங்கும் ரப்பர் ஹோஸை சேஸிஸ் வழியாக என்ஜின் அறை வரைக்கும் மேலே கொண்டுபோங்கள். ஆக்சில் ஏறி இறங்கும்போது இழுபடாதபடி தளர்வு விட்டு, சைலன்சரிலிருந்து தள்ளிக் கட்டுங்கள். முனையில் ஒரு சின்ன ஃபில்டரை மாட்டி, வாய் கீழ் நோக்கி இருக்கும்படி விடுங்கள். ஐப்பசி பிறப்பதற்குள் இதை முடித்துவிட்டால், மழைக்காலத்தில் தெருத் தண்ணீர் பிரீதர் வழியாக உள்ளே போகாது.